பொருள் வரியும் போர்வைச் சீட்டும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சலின் பொருள் வரியும், பழம்புடவைகளை அடுக்கித் தைத்த ஒட்டுப்போர்வையின் பெயர்ச்சீட்டும் ஒரே சாத்திரத்தின் இரு கிளைகள் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. அனுப்பும் பொருளோடு அனுப்பியவர் போக முடியாது, சீட்டுதான் போகும். ஆகவே போய்ச் சேருமிடத்தில் எழும் கேள்விகளுக்குச் சீட்டே பதில் சொல்லியாக வேண்டும். இதற்கெல்லாம் ஓர் ஆய்வா என்போர், தம் அஞ்சல்பெட்டியில் ‘வணக்கம்’ என்ற தலைப்பில் எத்தனை கிடக்கின்றன என்று பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

1. களத் தேர்வு

இவ்வட்டாரத்துத் தமிழர் வீட்டில் தமிழ் பேசுவார், கடையில் தெலுங்கு, அலுவலக மின்னஞ்சலில் ஆங்கிலம். மூன்று மொழிகளிலும் சுற்றி வளைக்கத் தெரிந்தவர் எழுதும் பொருள் வரி தனிக் கவனத்துக்குரியது. மேலும், இங்கே விலாசம் நிலையற்றது. வட ஆர்க்காட்டின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960இல் திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. பாட்டி திண்ணையை விட்டு நகரவில்லை, அவர் தைத்த போர்வைதான் மாவட்டம் மாறியது. இதனால் பெறப்படும் முதல் விதி: சீட்டில் ஊரைப் போடுக, மாவட்டத்தைப் போடுவது துணிச்சல்.

2. முன்னோடிச் சான்றுகள்

திருமலைக் கோயிலின் பிரதிமா மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும் திருமலா தேவி, சின்னா தேவி ஆகிய இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் உள்ளன. அவற்றின் தோளில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழு முறை மலையேறி வந்து அள்ளிக் கொடுத்த பேரரசர் அவர். ‘என்னைத் தெரியாதா?’ என்று அவர் நினைக்கவில்லை. பெயரே போடாமல் ‘நான்தான்’ என்று மின்னஞ்சல் அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அதே கோயிலில், ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துத் தோடர்மாலும் குடும்பத்தோடு நிற்கிறார். அக்பரின் அமைச்சர் தோடர்மால்தான் இவர் என்று நம்புவோர் உண்டு. இரண்டாம் விதி: பெயர் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும். இல்லையேல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தூரத்தைப் பக்தர்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுவார்கள்.

எனினும் இத்துறையின் உச்சம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் பொறித்த செப்பேடுகளே. கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்திலிருந்து 1922இல் வெளிவந்த இவற்றின் முகப்புக் குறிப்பு, பாடியவர் யார், யாரைப் பாடினார், 1424இல் தொடங்கி 1503 வரை பாடினார் என்பதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் உண்டு, தாளம் இல்லை. இன்று பல பாடல்கள் ஏட்டிலுள்ள ராகத்தை விட்டு வேறு ராகத்தில் பாடப்படுகின்றன. பொருள் வரியைப் படிக்காமலே பதில் எழுதும் வழக்கம் மின்னஞ்சலால் வந்ததல்ல என்பது இதனால் தெளிவாகும்.

3. பொருள் வரியின் வகைகள்

1973இல் வந்த ஆர்.எஃப்.சி. 561 என்னும் தொழில்நுட்பக் குறிப்பு, மின்னஞ்சலுக்கு அனுப்புநர், தேதி, பொருள் என்னும் தலைவரிகளை வகுத்தது. 2008இன் ஆர்.எஃப்.சி. 5322, வரிக்கு 78 எழுத்துக்குள் நிற்பது நல்லது, 998ஐத் தாண்டவே கூடாது என்கிறது. நல்லதை விட்டுவிட்டு உச்சவரம்பை இலக்காகக் கொண்ட பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வகைகள் ஐந்து:

மௌன வகை: காலியாக வருவது.
மங்கல வகை: ‘வணக்கம்’.
விருதாவளி வகை: கல்வெட்டில் அரசனின் பட்டங்கள் முடிந்த பிறகே தானம் வருவதுபோல, முழுக் கடிதமும் பொருள் வரியில் அடங்கி, உள்ளே ‘மேலே காண்க’ என்றிருப்பது.
அலறல் வகை: ‘அவசரம்!!!’ உள்ளே சென்ற வருடத்துப் பஞ்சாங்கம்.
வால் வகை: ‘ரீ: ரீ: வாடகை பாக்கி’ என்ற தலைப்பில் கல்யாணப் பத்திரிகை.

இங்கே தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. கைபேசித் திரை வரியின் வாலை வெட்டும்; நம் பயனிலையோ வாலில்தான் இருக்கிறது. ‘சனிக்கிழமை காட்பாடி–திருப்பதி ரயிலுக்குப் பயணிகளின் வயது விவரம் வெள்ளிக்குள் தேவை’ என்பதில் ‘தேவை’ திரைக்கு வெளியே நின்றுவிடும். ‘வயது விவரம் வெள்ளிக்குள் தேவை: திருப்பதி ரயில்’ என்று திருப்பிப் போட்டால் வேலை நடக்கும்.

4. சீட்டுச் செய்முறை

உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தித் துணி. ஓரத்தை மடித்து, போர்வையின் பின்புறக் கீழ்மூலையில் மறைதையலாகத் தைக்க வேண்டும். மசிக்கு வெளியூர் போக வேண்டாம். காளஹஸ்திக் கலம்காரியார் கடுக்காயும் எருமைப்பாலும் தோய்த்த துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரை மூங்கில் எழுதுகோலால் தீட்டுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து துவைத்தாலும் போகாத கறுப்பாகும். சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட்ட சேங்கொட்டையும் அழியாததுதான். ஆனால் அதன் பால் தோலைப் புண்ணாக்கும். அக்குறியை அவர்களிடமே விட்டுவிடுவது உத்தமம்.

எழுத வேண்டியவை: தைத்தவர், யாருக்காக, ஊர், ஆண்டு. துவைக்கும் முறைக்கு ஒரு வரி.

5. மறுப்பும் விடையும்

‘வீட்டுப் போர்வைக்குச் சீட்டு எதற்கு? யார் தைத்தது என்று எல்லோருக்கும் தெரியுமே’ என்பர் ஒரு சாரார். அற்றன்று. தெரிந்தவர்கள் போன பிறகும் போர்வை இருக்கும். அன்றியும், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சொம்பில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது. சொம்பை அவர் செய்யவில்லை, வாங்கினார். மாதக்கணக்கில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை என்பது முறையாகாது.

முடிபு

அனுப்பியவர் யார், எதற்கு, எப்போது, பெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்னும் நான்கையும் சொல்லாத சீட்டு, அஞ்சலில் இருந்தாலும் போர்வையில் இருந்தாலும், வெறும் அலங்காரம். இம்முடிபை மறுத்து எழுதுவோர் எழுதலாம். பொருள் வரியில் ‘வணக்கம்’ என்று மட்டும் போட வேண்டாம்.