உங்கள் நேரம் முடிந்துவிட்டது, ஐயா!

போர்ட் கொச்சி தோபிகானாவைப் பார்க்க வரும் பெரிய மனிதர்கள், கிளிப்பே இல்லாமல் முறுக்குக் கயிற்றில் செருகிக் காயும் வேட்டிகளோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அரசுக்கு இணையதளம் கட்டிக் கொடுக்கும் கம்பெனிக்காரர்களாவது கொஞ்சம் நின்று பாடம் கேட்கலாம். டச்சுப் படையாட்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். எத்தனை வீட்டுத் துணி கலந்தாலும் எவர் சட்டை எவருக்கு என்பதைத் துணியோரத்துக் குறி சொல்லிவிடும். பாதி வெளுத்த சட்டையைக் கடலில் வீசிவிட்டு, ‘நேரம் முடிந்தது, மறுபடி அழுக்கோடு வாருங்கள்’ என்று எந்தச் சலவைக்காரரும் சொன்னதில்லை.

அரசு சொல்கிறது, தினமும், பதினைந்து நிமிடத்துக்கொரு தரம்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறையும் நீங்கள் அதற்குப் புது ஆள். அதனால்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டூல்லி குக்கீ என்ற குறியைக் கொண்டுவந்தார். முப்பது வருடம் ஆயிற்று. இப்போது பக்கமே மாறாத ஒற்றைப்பக்கச் செயலிகள். ஆதார் எண், வருமானம், ஸ்கேன் செய்த சான்றிதழ் எல்லாம் உங்கள் பிரவுசரில் நிரம்பிக்கொண்டிருக்கும். சர்வர் எப்போதோ உங்களைக் கைகழுவியிருக்கும். திரைக்கு அது தெரியாது. ‘சமர்ப்பி’யை அழுத்தினால், ‘நீங்கள் யார்?’ என்று 401 பிழை. அத்தனையும் போச்சு. கேட்டால், பாதுகாப்பாம்!

2021-ல் கொரோனா தடுப்பூசிக்கே இந்தக் கூத்து நடந்தது. 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்கு கோவின் இணையதளத்தில் பதிவு முதலில் கட்டாயமாக இருந்தது. ஓடிபி வந்து உள்ளே போனால் 15 நிமிடத்தில் வெளியே தள்ளியது. ஸ்மார்ட்போன் இல்லாத கிராமத்தான் என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது.

திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட், ஒவ்வொரு முறையும் ஆளை மறக்கும் எச்டிடிபிக்கு நேர் எதிர். வாசலில் ஒரு தரம் அடையாளம் கேட்கும், அப்புறம் கேட்காது. இன்னொரு டேபில் நீங்கள் வெளியேறினாலும், கணக்கையே முடக்கினாலும், சர்வர் தானே முறிக்காதவரை அந்த இணைப்பில் தகவல் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மட்டும் பாதுகாப்புக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

படிவத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: நேரம் முடியப்போகிறது என்று இரண்டு நிமிடம் முன்னால் ஒரு எச்சரிக்கை. நிரப்பியதை வைத்துக்கொண்டு அதே இடத்தில் மறுபடி உள்நுழைய ஒரு பெட்டி. இதற்கு டெண்டரும் வேண்டாம், செயற்கை நுண்ணறிவும் வேண்டாம். ஆனால் படிவத்தை வடிவமைக்கும் துரை அதை நிரப்ப அரைநாள் கூலியை விட்டு வரிசையில் நின்றதில்லை. அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு அலைய ஆள் இருக்கிறது.