இராணுவ எழுத்துச் சுருக்கங்கள்: பாலாவியை முன்வைத்து ஒரு சொல்லாராய்ச்சி

பெயர்ச்சொல்லை இலக்கணிகள் இடுகுறி, காரணம் என இரண்டாகப் பிரிப்பர். படைமுகாமின் எழுத்துச் சுருக்கம் இரண்டிலும் கால் வைக்கும். பிறக்கும்போது அது காரணப்பெயர். சிலகாலம் படையில் ஊழியம் பார்த்ததும் காரணம் உதிர்ந்து இடுகுறியாகிவிடும். இதை நிறுவப் பாலாவியைவிடப் பொருத்தமான களம் அரிது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை புத்தளத்தருகே, இன்றைய பாலாவி விமானப்படை முகாமுள்ள இடத்தில், ஒரு விமானத்தளம் அமைத்தது. பெயர் எச்.எம்.எஸ். ராஜாலியா. முதல் மூன்றெழுத்தின் விரிவு 'மன்னரின் கப்பல்'. அந்தக் கப்பல் ஒருநாளும் மிதந்ததில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. அன்றைய கடற்படை ஒழுக்கச் சட்டம் கப்பலின் பேரேட்டில் பெயருள்ளவரையே கட்டுப்படுத்தியது. கரையிலிருப்பவரைத் தண்டிக்க வேண்டுமானால் கரையையே கப்பலாக்க வேண்டியிருந்தது. இத்தகைய தளங்களில் முகாம் வாசலைத் தாண்டுவதற்குக் 'கரைக்குப் போதல்' என்று பெயர். ராஜாலியா என்பது நம் ராஜாளிதான். ஆக, கழுகின் பெயர் பூண்ட கப்பலில், கடற்கொள்ளையன் எனப் பொருள்படும் கோர்சேர் விமானங்கள் நின்றன. 1944இல் அவற்றைக் கயிறு கட்டி இழுத்தவை யானைகள். யானைக்கு மட்டும் சுருக்கம் தேவைப்படவில்லை.

மரபு அழிந்துவிடவில்லை. பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதியில் திரும்பி நேரே போனால், ஒல்லாந்தர் கோட்டையுள்ள கற்பிட்டியில் இலங்கைக் கடற்படையின் எஸ்.எல்.என்.எஸ். விஜய இருக்கிறது, அதுவும் ஏட்டளவில் கப்பலே. 1992இல் இந்தியக் கடற்படை அரக்கோணத்தில் தொடங்கிய தளம் ஐ.என்.எஸ். ராஜாளி. அரக்கோணத்தில் கடல் இல்லை என்பதை ரயில் பயணிகள் அறிவர்.

இவை மேலிருந்து இறங்கியவை. கீழிருந்து முளைப்பவை கூர்மையானவை. 1941 வாக்கில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் தோன்றிய 'ஸ்னாஃபு', நிலைமை வழக்கம்போல நாசம் என்பதன் சுருக்கம். அதன் நான்காம் எழுத்தை விரிக்கும்போது அகராதிகளே குரலைத் தாழ்த்தும். 1987இல் இலங்கைக்கு வந்த ஐ.பி.கே.எஃப். (இந்திய அமைதி காக்கும் படை) விடயத்தில் தமிழர் ஓரெழுத்தும் மாற்றவில்லை; 'பீஸ் கீப்பிங்' என்ற இடத்தில் 'பீப்பிள் கில்லிங்' என்று உரை மட்டும் மாற்றினர்.

மூன்றாம் வகை, படை பெறாமல் போர் பெற்ற ஐ.டி.பி.; விரித்தால் 'இன்டேர்னலி டிஸ்பிளேஸ்ட் பேர்சன்ஸ்', உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தபின் இங்கு வேரூன்றிய சொல். அதன் கடைசி எழுத்தே ஆட்களைக் குறிக்கும். இருந்தும் வழக்கில் 'ஐ.டி.பி. ஆக்கள்'. நன்னூலின்படி இது 'கூறியது கூறல்' என்னும் குற்றம். ஆனால் ஊரே பேசும் வழக்கை விலக்க முடியாதாகையால், வழுவமைதியாகக் கொள்வதே முறை.