இன்னும் நூறு லிட்டர்

கடல்தொட்டிக்காரரின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். சித்திரை வெயிலில் குடும்பமே மின்விசிறிக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும். ஹாலில் கடல்மீனும் பவளமும் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் சில்லர் ஓடும். தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டினால் அவர் முகம் வெளுத்துவிடும். பவளம் வெளுக்க இன்னும் நாலைந்து டிகிரி ஏற வேண்டும்தான். அதுவரை காத்திருக்க அவருக்கு மனசு வராது.

மீன் பொருத்தம் பார்ப்பதில் அவர் கரைகண்டவர். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் யாராவது ஒரு மீனை ஆசையாகப் பார்த்தால் போதும், பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

"சிங்கமீனா தம்பி? பவளத்தைத் தொடாது, நல்ல பிள்ளை. ஆனா வாய்க்குள்ள போற சைஸ்ல எது நீந்தினாலும் அதுக்குச் சாப்பாடுதான்."

"பட்டர்ஃப்ளையா? பாதி ஜாதிக்குப் பவளம்தான் டிபனே."

"மாண்டரின் வேண்டவே வேண்டாம். பாறையில ஊர்ற பொடிப்பொடி பூச்சியைத்தான் தின்னும். புதுத் தொட்டியில விட்டீங்கன்னா பட்டினி கிடந்தே செத்துடும்."

"டாம்சல் விலை கம்மின்னு பார்க்காதீங்க. முதல்ல அதை விட்டா, அப்புறம் வர்ற மீனையெல்லாம் துரத்தும். முரட்டு மீனைக் கடைசியா விடணும்."

கல்பவளம் பற்றிக் கேட்டால் குரலைத் தாழ்த்துவார். 2001 முதல் அதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது என்பார். கேட்டவர் மென்பவளத்தோடு திருப்தியடைந்து வீடு திரும்புவார். கடைக்காரர் இவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

இத்தனை விதி தெரிந்தவர் தன் தொட்டியை எவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தார். நூறு லிட்டர் தொட்டி. நைட்ரஜன் சுழற்சி முடிய ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வந்த விருந்தாளிகள், "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். "பாக்டீரியா இருக்கே!" என்று காட்டினார். பிறகு இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். பிறக்கும்போது எல்லாமே ஆண்தான், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும் என்று வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் பாடம் நடத்தினார். அந்த ஜோடிக்கு அந்தத் தொட்டி தாராளம். அவருக்குத்தான் போதவில்லை.

ஒருநாள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு நீல டாங் வந்தது. 'ஃபைண்டிங் நீமோ' பார்த்த பிள்ளைகள், "டோரி! டோரி!" என்று குதித்தார்கள். மனைவி மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து அந்தச் சந்தேகம் பலித்தது.

"பாவம்மா இது. ஒரு அடி வரைக்கும் வளரும். நாள் பூரா நீந்துற இனம். 700 லிட்டராவது இல்லாம இதை வெச்சிருக்கிறது பெரிய பாவம்."

"கடையில யாரோ பையன் இதைக் கேட்டப்ப, சின்னத் தொட்டிக்கு ஆகாதுன்னு நீங்கதானே விரட்டி விட்டீங்க? தெரிஞ்சும் ஏங்க வாங்கினீங்க?"

"தெரிஞ்சதாலதானே வாங்கினேன்!"

உண்மை அவர் வாயாலேயே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அந்த விதிகள் கடிவாளம். அவருக்கு மட்டும் வக்கீல். தொட்டிக்கு ஏற்ற மீனை அடுத்தவர்தான் வாங்க வேண்டும். இவர் வாங்கப்போகும் தொட்டிக்கு ஏற்ற மீனை முன்கூட்டியே வாங்குவார். பிறகு அந்த மீனின் சார்பில் வீட்டில் வழக்காடுவார். வாயில்லா ஜீவனுக்காகப் பேசுகிறவரை எதிர்த்து யார் வாதாட முடியும்?

மனைவி முடிந்தவரை வாதாடினார். "தண்ணியே 700 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தா ஒரு டன்னைத் தொடும். ரெண்டாவது மாடி தாங்குமா?"

இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்திருக்கிறார்.

"அதான் நானும் யோசிச்சேன். கீழ் வீடு காலியாகுதாம். தரைத்தளம். எவ்வளவு கனமும் தாங்கும்."

"தரைத்தளமா? 2015 வெள்ளத்துல அங்கே இடுப்பளவு தண்ணி நின்னுச்சே, மறந்துட்டீங்களா?"

முதல் தடவையாக அவர் ஆடிப்போனார். தலையில் கைவைத்து சோபாவில் உட்கார்ந்தார். கடைசியில் குடும்பத்தின் கஷ்டம் அவருக்கு உறைத்துவிட்டது என்று மனைவிக்கே இரக்கம் வந்துவிட்டது.

"ஆமாம்ல?" என்றார் பதறிப்போய். "மழைத்தண்ணி கலந்தா தொட்டியில உப்பு இறங்கிடுமே!"