டெல்லிக்கு எழுதிக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

ராஜராஜ சோழனால்கூட முடியாத காரியம் ஒன்று உண்டு. முரசு அறையாமல், ஒரு வீரனையும் அனுப்பாமல், தமிழ்நாட்டுத் தெருக்களை வாராவாரம் குறித்த நேரத்தில் காலி செய்வது. 1987 ஜனவரி 25 அன்று தொடங்கி அதைச் செய்துகாட்டியது தூர்தர்ஷன் என்கிற மத்திய அரசு இலாகா. சேனாதிபதி, 'ராமாயணம்' தொடரை எடுத்த ராமானந்த் சாகர். முகூர்த்தம் ஞாயிறு காலை ஒன்பதரை. பாஷை இந்தி. 1965இல் அதே இந்திக்கு எதிராகத் தார்ச்சட்டி தூக்கியவர்கள், இருபத்திரண்டு வருடம் கழித்துத் தலைக்குக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இந்தியில் புலம்பிய தசரதனுக்காகத் தமிழில் கண்ணீர் விட்டார்கள். மொழிப்போர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை நாசூக்காகத் தாண்டிவிடுகிறார்கள். நமக்கு அந்த நாசூக்கு இல்லை.

முதலில் கொஞ்சம் பூர்வகதை. சென்னைத் தொலைக்காட்சி பிறந்தது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்ட கையோடு, பேசும் பெட்டி ஒன்றைக் கொடுத்தது அரசாங்கம். பெட்டியும் சூழ்நிலை புரிந்து நடந்துகொண்டது. வயலும் வாழ்வும் பார்த்தால் உரம் பற்றிப் பேசும். நாடகம் பார்த்தால் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசும். எது கேட்டாலும் நல்லதையே சொல்லும் அந்தக் குணம் அதற்குப் பிறவியிலேயே வந்தது.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது, கூடவே வண்ணம் வந்தது. வண்ணம் டெல்லியில் வந்தது என்று சொல்ல வேண்டும். நம் தெருவில் இருந்த சாலிடேரும் டயனோராவும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றன. அதற்கும் ஒரு விஞ்ஞானி மருந்து கண்டுபிடித்தான். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று மூன்று பட்டை போட்ட பிளாஸ்டிக் தாள். அதைத் திரைமேல் மாட்டினால் கலர் டிவி. வானமும் புல்வெளியும் வரும் காட்சிகளில் ஏமாற்று வேலை ஓரளவு பலித்தது. மற்ற நேரங்களில் செய்தி வாசித்த ஷோபனா ரவிக்கே நீல நெற்றி. ராமாயணம் வந்தபோதுதான் அந்தத் தாளுக்கு அர்த்தம் கிடைத்தது: ராமன் நீலமேனியன் என்று சாஸ்திரமே சொல்கிறது. ராவணனும் பாதி நீலமாகவே வந்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

டிவி எல்லா வீட்டிலும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒன்று, இரண்டு. அதன் உரிமையாளர் பெயர் எதுவாக இருந்தாலும் ஊருக்கு அவர் டிவி வீட்டுக்காரர். மரப்பெட்டிக்குள் ஷட்டர் கதவு போட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். திறக்கிற நேரம் வந்தால் கோயில் குருக்கள் கர்ப்பகிருகத்தின் திரையை விலக்குகிற அதே நிதானம். சில வீடுகளில் தரிசனம் இலவசம். சில வீடுகளில் தலைக்கு நாலணா. நாலணா கொடுத்தவனும் தரையில்தான் உட்கார வேண்டும். நாற்காலி, அவர் வீட்டு மாப்பிள்ளைக்கும் போஸ்ட் மாஸ்டருக்கும். சத்தம் போட்ட பையன் வெளியே. இருமிய தாத்தாவுக்கு ஒரு முறைப்பு. ஒரு படத்தின் நடுவில் பெட்டியை அணைத்துவிட்டு, முந்தின நாள் குழாயடியில் தன் மனைவியோடு சண்டை போட்டது யார் வீட்டு அம்மா என்று விசாரணை நடத்திய டிவி வீட்டுக்காரரையும் பார்த்திருக்கிறேன். ஹைகோர்ட்டுக்குக்கூட அத்தனை அதிகாரம் கிடையாது. சம்பந்தப்பட்ட அம்மா எழுந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஜெமினி கணேசனுக்கு உயிர் வந்தது.

பெட்டி கீழே, அதன் உயிர் மொட்டைமாடியில். அந்த அலுமினியக் கம்பிகளை இன்ன நீளம், இன்ன இடைவெளி என்று அடுக்கும் கணக்கை 1920களில் கண்டுபிடித்தவர்கள் யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள். அதன்மேல் காக்கை வந்து உட்காரும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் படம் போய்விடும். மாடிக்கு ஒருவன் ஓடுவான், வாசலில் ஒருவன், ஜன்னலில் ஒருவன்.

"தெரியுதாடா?"

"இல்லப்பா!"

"இப்போ?"

"இப்போ ரெண்டு ரெண்டா தெரியுது!"

ஒரே ராமன் இரட்டையாகத் தெரிந்தால் பரவாயில்லை, அதையும் லட்சுமணன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பத்துத் தலை இருபதாகும்போதுதான் சங்கடம்.

தென்கோடியில் கதை வேறு. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பினால் வெறும் புள்ளி மழை. கிழக்கே திருப்பினால் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி பளிச்சென்று வரும். அனுமார் தாண்டிய கடலைப் படம் எதிர்த்திசையில் தாண்டி வந்தது, பாலம் கட்டும் செலவும் இல்லாமல். உள்நாட்டில் சின்ன ஊர்கள் பலவற்றில் நட்ட குறைந்த சக்திக் கோபுரங்களோ பல வருடம் டெல்லியை மட்டும் வாங்கித் தந்தன. அங்கே ஒருவனுக்கு மெட்ராஸ் நிகழ்ச்சியைவிட உத்தரப் பிரதேசத்துக் கோதுமை விளைச்சல் நன்றாகத் தெரியும்.

சரி, ஒன்பதரை ஆகிவிட்டது. சாகர் வருகிறார்.

வடக்கே டிவிக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நம் ஊரிலும் பாட்டிகள் கற்பூரம்வரை போனார்கள். ஆனால் தமிழ்நாட்டு ஞாயிறு என்பது முதன்மையாக மட்டன் கிழமை. ஆறு மணிக்கே கசாப்புக் கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்தது அடுப்படியில் இருக்கிறது. ஒன்பதரைக்கு ராமன் மரவுரி தரித்துக் கிழங்கு தின்ன வனத்துக்குப் போகிறான். பாட்டிக்கும் அம்மாவுக்கும் இடையில் மௌன ஒப்பந்தம் ஒன்று உருவானது. பத்தேகால்வரை அடுப்பில் பால் மட்டும். நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் தொடங்கியதும் எண்ணெயில் வெங்காயம் விழும். ஒரு நிமிடம் முந்தினாலும் பாட்டி "ஸீதா" என்று பெருமூச்சு விடுவாள். அது திரையில் இருந்த சீதைக்கா, அடுப்படியில் இருந்த மருமகளுக்கா என்று கண்டுபிடிக்க முடியாது.

பாஷைப் பிரச்சினையைத் தீர்க்கத் தெருவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். பெரும்பாலும் மிலிட்டரியில் இருந்து வந்தவர். பத்தான்கோட்டில் நாலு வருடம் இருந்தவருக்கு இந்தி அத்துப்படி என்பது ஊரின் முடிவு. தசரதன் மூன்று நிமிடம் தழுதழுப்பார். மிலிட்டரிக்காரர் கண்ணை மூடிக் கேட்டு, "வேணாம்ங்கிறாரு" என்பார். கைகேயி ஒரு வார்த்தை சொல்வாள். அதற்கு மட்டும் ஐந்து நிமிட விளக்கம், உபகதைகளுடன். உண்மையில் அவர் வேலையே தேவையில்லாதது. அடுத்து என்ன நடக்கும் என்பது அந்த அறையில் இருந்த கைக்குழந்தைக்கும் தெரியும். கதை தெரிந்தவனுக்கு மொழி எதற்கு? டெல்லியின் கணக்கு தவறியது இந்த இடத்தில்தான். வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் சுத்தமான இந்தியைக் காதில் ஊற்றினால் தெற்கே இந்தி முளைக்கும் என்று யாராவது நினைத்திருந்தால், 78 வாரம் ஊற்றியும் முளைத்தது "பிதாஜி", "மாதாஜி", "பிராதா" என்கிற மூன்று சொற்கள். அதையும் பையன்கள் விளக்குமாற்றுக் குச்சியில் அம்பு செய்து கண்ணைக் குத்திக்கொள்ளும் விளையாட்டுக்குத்தான் பயன்படுத்தினார்கள்.

சாகர் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் வால்மீகி, துளசிதாசரோடு நம் கம்பருக்கும் நன்றி சொல்லியிருந்தார். அது தெரியாத பெரியவர்கள் கம்பனில் இப்படி இல்லையே என்று வாராவாரம் ஆட்சேபம் எழுப்பினார்கள். தெரிந்தவர்கள் இன்னும் உரக்க எழுப்பினார்கள். எனக்கு இருந்த ஆட்சேபம் அம்புகளைப் பற்றியது. ராமன் ஓர் அம்பு விடுவான். அது கிளம்பும், ஒளிரும், யோசிக்கும். எதிரே ராவணன் விட்டது கிளம்பும், ஒளிரும், யோசிக்கும். இரண்டும் ஆகாயத்தில் நேருக்கு நேர் வந்து, குசலம் விசாரித்து, முட்டி, ஒன்று மறையும். அதற்குள் நேரம் முடிந்துவிடும். மீதி அடுத்த ஞாயிறு. லங்கைக்கு நடந்தே போயிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம்.

தொடர் ஓடி முடிவதற்குள் இங்கே ராஜ்ஜியமே மாறிவிட்டது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். திரையில் ஒரு ஜானகி நாட்டைவிட்டு வனத்தில் இருந்த அதே தொடரின் காலத்தில், கோட்டையில் இன்னொரு ஜானகி 24 நாள் முதலமைச்சராக இருந்தார். பிறகு குடியரசுத் தலைவர் ஆட்சி. 1988 ஜூலை 31 அன்று ராமாயணம் நிறைவடைந்தபோது அயோத்திக்கு ராஜா கிடைத்திருந்தார், தமிழ்நாட்டுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் மூச்சு விட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, காந்தி ஜெயந்தியன்று பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தைத் தொடங்கினார்கள். அகிம்சைக்கு எடுத்த நாளில் பதினெட்டு நாள் யுத்தத்துக்குப் பிள்ளையார் சுழி. 1990 ஜூன்வரை, 94 பகுதி. மிலிட்டரிக்காரருக்கு வேலை நீட்டிப்பு.

மட்டன் இறங்கியதும் மத்தியானம். இது கலையின் நேரம். முதலில் காது கேளாதோருக்கான செய்தி. நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள், கையால் விளக்குவார்கள். காது இரண்டும் நன்றாகக் கேட்கும் எங்கள் தெருவுக்கு, டெல்லி சொன்னது ஓரளவு விளங்கிய ஒரே செய்தி அதுதான். சைகை செய்தவரின் முகத்தைப் பார்த்தே வெள்ளமா, தேர்தலா என்று பாட்டி சொல்லிவிடுவாள்.

அடுத்து மாநில மொழித் திரைப்படம். விருது வாங்கிய படம். தேசம் முழுவதும் ஒரே படம், கீழே ஆங்கிலத்தில் எழுத்து. தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட உயர்ந்த யோசனையை யாராலும் கொண்டுவர முடியாது. இதைவிட நல்ல தூக்க மருந்தையும் கொண்டுவர முடியாது. ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் அசாமி, ஒரு வாரம் மணிப்புரி, ஒரு வாரம் ஒடியா. எந்த மாநிலமாக இருந்தாலும் ஒரு நதி வரும். நதியில் ஒரு படகு வரும். படகில் ஒருவர் பேசாமல் இருப்பார். கேமராவும் அவரோடு சேர்ந்து பேசாமல் இருக்கும். சோறு, குழம்பு, வறுவல் மூன்றும் சேர்ந்த வயிற்றோடு பாயில் சாய்ந்தவர்கள் படகு கரை சேர்வதைப் பார்த்ததில்லை. விழித்துப் பார்த்தால் அதே நதி, வேறு படகு.

தமிழ் முறை எப்போது வரும் என்பதுதான் ஊரின் தவிப்பு. வரும். வந்தால் விருதுப் படமாகத்தான் வரும். ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார் என்று காத்திருந்தவன் முன்னால் பாலு மகேந்திராவின் 'வீடு' மாதிரி ஒன்று வந்து நிற்கும். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு பெண் ஒரு வீடு கட்டுவதற்குள் படும் பாடு. இன்று அது எவ்வளவு பெரிய படம் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த அறையில் அதை முழுவதும் விழித்திருந்து பார்த்தவர் கொத்தனார் ஒருவர்தான். சிமென்ட் கணக்கு சரியாக இருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்தார்.

சாயங்காலம் தமிழ்ப்படம். டெல்லி தன் கையிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு நம்மிடம் திருப்பிக் கொடுத்த பகுதி இது. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பசியைத் தூண்டிவிட்டிருக்கும், ஞாயிறுதான் சாப்பாடு. படத்துக்கு முன்னால் நிர்மா, விக்கோ, ரஸ்னா, லைஃப்பாய் எல்லாம் வரிசை கட்டி வருவார்கள். விளம்பரம் நீளமாக இருந்தால் படம் நல்ல படம் என்று அர்த்தம். இரண்டு விளம்பரத்தோடு தொடங்கினால் பக்திப் படம், நாரதர் வருவார், தயாராகிக்கொள்ளலாம். கதாநாயகி விஷம் குடிக்கப் போகும் கட்டத்தில் நிறுத்திச் செய்திகள் சொல்வார்கள். அமைச்சர் அணை திறந்ததையும் ஆளுநர் விளக்கேற்றியதையும் கேட்டு முடித்துத் திரும்பினால், அவள் கோப்பை இன்னும் உதட்டருகில். சில நாள் கோப்பைக்குப் பதில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற பலகை. யார் வருந்தியது, எவ்வளவு வருந்தினார் என்று கேட்டு நேயர்கள் எழுதினால் 'எதிரொலி' நிகழ்ச்சியில் பவ்யமாகப் படித்துப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலிலும் வருத்தம் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடங்கல், தலைவர்கள். தேசியத் தலைவர் ஒருவர் கண்ணை மூடினால் படம் போய் வீணை வந்துவிடும். உடல்நிலை கவலைக்கிடம் என்று சனிக்கிழமை பேப்பரில் வந்தாலே தெருவில் ஒரு பதற்றம். முகம் தெரியாத, பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத வடநாட்டுப் பெரியவருக்காக, திங்கட்கிழமைவரையாவது தாங்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்ட ஜனங்கள் நாங்கள். தேசபக்தி வேறு எப்படி இருக்கும்?

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. சன் டிவி தொடங்கியது. கொஞ்ச காலத்தில் படம் தினமும் வந்தது, பாட்டு எந்நேரமும் வந்தது, மொட்டைமாடி ஆன்டெனாவில் அப்பளம் காயவில்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்தது. வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிட்டதால் நாலணாக்காரர் ஒழிந்தார் என்று தெரு சந்தோஷப்பட்டது. அவர் ஒழியவில்லை. மாடியில் குடை மாதிரி ஒரு டிஷ்ஷை நட்டு, மரத்துக்கு மரம் கறுப்பு வயர் இழுத்துக் கேபிள்காரர் ஆகிவிட்டார். குழாயடித் தகராறு என்றால் இப்போது வயரைப் பிடுங்கினால் போதும். மாதக் கட்டணம் வாங்க அவரே நேரில் வருவார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்குத்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்களாம்.