புழுவுக்குத் தங்கம்

லண்டன் கிரீன் பார்க் ஓரத்தில் ஏழு வெண்கல ஆட்கள் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒன்பதடி உயரம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நகரங்கள்மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானக்குழுவாம். சிற்பி பிலிப் ஜாக்சன். மாண்டுபோன 55,573 வீரர்களின் நினைவாக 2012 ஜூன் 28 அன்று எலிசபெத் ராணி திறந்துவைத்தார். ஹாம்பர்க்கையும் டிரெஸ்டனையும் எரித்த கூச்சம் 67 வருடம் இழுத்தடித்தது. குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டாருக்கும் சேர்த்தே என்று கல்லில் ஒரு வரி வெட்டியதும் கூச்சம் தெளிந்துவிட்டது. பெல்ஜியத்தில் விழுந்து கிடந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் அலுமினியத்தைக்கூட மறக்காமல் கொண்டுவந்து கூரைக்குள் சேர்த்திருக்கிறார்கள். ஓட்டைத் தகட்டுக்கு இருக்கும் யோகம்!

விமானத்துக்குக் காசு கொடுத்தவன் எங்கே?

அதே பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 என்ற மூன்று அணிகளின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ ஒட்டியிருந்தது. நம் மாகாணம் கொடுத்த போர் நிதிக்கு அவர்கள் போட்ட ரசீது அது. கலெக்டர் கேட்டால் நன்கொடை, தாசில்தார் கேட்டால் கடமை, மணியக்காரர் வாசலில் வந்து நின்றால் அதற்குப் பெயரே கிடையாது. அப்போது கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப், செஞ்சிலுவைச் சங்கப் பணத்தில் கைவைத்து, 1946இல் சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். அவரைச் சிறையில் வைக்கவில்லை. ஜாமீன் கேட்கும் சிரமம்கூட அவருக்கு நேரவில்லை.

காசோடு விட்டார்களா? 1941இல் ஜப்பான் பட்டு நின்றுபோனது. பாரசூட்டுக்குப் பட்டு வேண்டும். மைசூரையும் கொள்ளேகாலையும் பார்த்தார்கள். காஞ்சிபுரத்துத் தறியில் பாவாக ஏற வேண்டிய நூல், ஆகாயத்திலிருந்து குதிப்பவன் முதுகில் ஏறியது. குதித்தவன் பிழைத்தான், சந்தோஷம். பிழைத்தவர்களுக்கென்றே 1922இலிருந்து ஒரு சங்கம் உண்டு, கம்பளிப்பூச்சிச் சங்கம். உயிர் காத்த பட்டுப்புழுவுக்கு நன்றியாக, சட்டையில் குத்திக்கொள்ளத் தங்கத்தில் ஒரு குட்டிப் புழு. கொதிநீரில் வெந்த புழுவுக்குத் தங்கம்! காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நூலில்லாமல் குழித்தறியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்குத் தகரம்கூட இல்லை. அவனும் கொஞ்சம் வெந்துதான் இருந்தான். கொதிநீர் கண்ணுக்குத் தெரியாததால் கணக்கில் வரவில்லை போலும்.

வெள்ளைக்காரனை மட்டும் வைவதில் சுகம் இருக்கிறது, நியாயம் இல்லை. இதே காஞ்சியில் வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வாருங்கள். பல்லவர் வரலாறு கல்லில் இருக்கிறது. ராஜா முடி சூடுகிறார், யானை வருகிறது, குதிரை வருகிறது, அடியில் காலாள் நசுங்குகிறான். நசுங்கியவன் பெயரைச் செதுக்க எட்டாம் நூற்றாண்டில் உளி மழுங்கிவிட்டது. ஆனால் அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஓர் ஊர் நடுகல் நட்டது. செத்த வீரன் கருந்தேவக்கத்தி. அவன் விழுந்த பிறகும் கள்வரைக் கடித்துக் குதறிய நாயையும் கூடவே செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் உழைப்பு அந்த ஊரார் கண்ணில் பட்டிருக்கிறது.

ஆகவே மகாஜனங்களே, காஞ்சிபுரத்திலும் ஒரு நினைவுச் சிலை வைத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறேன். லண்டன் ஏழு பேரோடு எட்டாவதாக எண்ணிக்கொள்ள ஒருவன், இடுப்பில் துண்டு, கையில் நாடா. பறக்கும் உடுப்பு வேண்டாம். கூலி நெசவுக்காரன் ஒருநாளும் கிளம்பியதில்லை, அதனால் திரும்பி வந்த கோலத்தில் செதுக்கும் பிரச்சினையும் இல்லை. இடம் கிடைப்பதும் சுலபம், நம் ஊரில் சிலைக்கு இடமில்லை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேலையில்லாமல் பட்டினி கிடந்த நெசவாளிக்குக் கஞ்சித்தொட்டி வைக்கத்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

திறப்பு விழாவை ஜாம்ஜாமென்று நடத்துவார்கள். பீடத்தில் மந்திரி பெயர், எம்.எல்.ஏ. பெயர், கலெக்டர் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர் எல்லாம் வரும். தறிக்காரன் பெயருக்கு இடம் போதாது, ‘நெசவாளி’ என்று பொதுவாகப் போட்டுவிடுவார்கள். மேடையில் ஏழெட்டுப் பேருக்குப் பொன்னாடை. சிலையை மூடியிருக்கும் திரையும் அசல் காஞ்சிப் பட்டு என்று மைக்கில் அறிவிப்பார்கள். டெண்டரில் எது குறைந்த விலையோ அதுதான் வந்திருக்கும், விசைத்தறியில் ஓட்டிய பாலியெஸ்டர்.