நாயன்மாருக்கு வீடு இல்லை

"மாட வீதிக்கு நடந்துபோற தூரம் சார். பால்கனியில நின்னா கோபுரம் தெரியும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம், ஃபிளாட் மூணு கோடி."

மயிலாப்பூரில் தரகர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். காற்று வருமா, கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்பதெல்லாம் பழைய பேச்சு. இப்போது சரக்கு பாரம்பரியம். விளம்பரத் தாளைப் பிரித்தால் தெப்பக்குளம், டிகிரி காபி, மார்கழிக் கச்சேரி, வாசலில் கோலம், கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டி. அத்தனையும் சூப்பர் பில்ட்-அப் ஏரியாவில் சேர்த்தி. உள்ளே புழங்கும் இடத்தை, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, அளந்து சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 2016-இல் ரெரா சட்டம் வந்தது. சொல்லாமல் என்ன, சொல்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில். படிக்கட்டு, லிஃப்ட், காவலாளி நாற்காலி போடும் மூலை என எல்லாவற்றுக்கும் காசு வாங்கிக்கொள்வார்கள். பூக்கட்டும் பாட்டிக்கு மட்டும் விளம்பரப் படத்தில் இடமுண்டு, பேட்டையில் இல்லை. அவளை எங்கே கொண்டுபோய்த் தள்ளினார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தப் பாரம்பரியம் எப்படித் தயாராகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. பிள்ளைகள் அமெரிக்காவில், அப்பா காலமாகிவிட்டார். பில்டர் ஐம்பதுக்கு ஐம்பது பேசி முடிக்கிறார். ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, இத்தனை வீடு என்று பேப்பரில் கோடு போடுகிறார். அப்புறம் இடிக்கிற காண்ட்ராக்டர் வருகிறார். அவருக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. அவர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கிறார். தேக்குத் தூண், நிலைக்கதவு, மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கிய உத்தரங்கள், கம்பி போட்ட ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். தூண்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு ரிசார்ட்டில் போய் நிற்கும். அங்கே அவற்றில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள நம் பேட்டைக்காரர்களே வாரக்கடைசியில் காரில் போவார்கள். இங்கே எழும் அடுக்ககத்தின் வாசலில் ஒரு பித்தளை உருளி, தண்ணீரில் நாலு பூ மிதக்க. வீட்டை இடித்துவிட்டு உருளியை வைத்தால் பாரம்பரியம் நிலைத்துவிடும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருப்பார் போலும்.

திண்ணை இருந்த இடத்தில் இப்போது கார் ஏறும் சரிவு. திண்ணைக்காக நான் அழப்போவதில்லை. அதுவும் யார் எதுவரை வரலாம் என்று போட்ட எல்லைக்கோடுதான். அந்தக் கோட்டை மட்டும் யாரும் இடிக்கவில்லை. வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மயிலாப்பூரின் பெருமை அறுபத்துமூவர் விழா. பங்குனியில் அறுபத்து மூன்று நாயன்மாரும் கபாலீஸ்வரரோடு மாட வீதியைச் சுற்றி வருகிறார்கள். பேட்டையே தெருவுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அவர்களில் ஒருவர் பல்லக்கை விட்டு இறங்கி, 'டு-லெட்' போர்டைப் பார்த்து போன் போட்டால் என்ன நடக்கும்?

"டபுள் பெட்ரூம் காலியா இருக்குன்னு போட்டிருக்கு."

"ஆமாம். பேர் என்ன?"

"திண்ணன். கண்ணப்பன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்."

"என்ன பண்றேள்?"

"வேட்டை."

"ஸ்டார்ட்-அப்பா? சரி, ஆத்துல எல்லாரும் வெஜிடேரியன்தானே?"

"சாமிக்கே கறிதான் படைச்சேன். வாயில போட்டு, நல்லா வெந்திருக்கான்னு பாத்து..."

"வீடு போயிடுத்து."

வீடு எங்கேயும் போகவில்லை. அதே போர்டு மறுவாரமும் அங்கேதான் தொங்கும். அதிபத்தர் மீனவர், மாடியில் மீன் வாசனை வரும் என்பார்கள். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுப்பவர். இஸ்திரி வண்டியைத் தெருமுனையில் போட்டுக்கொள்ளலாம், கேட்டுக்கு உள்ளே கூடாது. இந்த ஊரிலேயே பிறந்ததாகச் சொல்லப்படும் திருவள்ளுவருக்குப் புலால் மறுத்த தகுதி இருக்கிறது, ஆனால் தறிச் சத்தத்தைக் கீழ்வீட்டு மாமி ஒப்புக்கொள்ளமாட்டார். நந்தனாரிடம் உணவுப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். அப்துல் என்று பேர் சொன்னவரிடமும் கேட்பதில்லை. நேராக "போயிடுத்து"தான். கபாலியே வந்தால்? மண்டையோடு ஏந்திப் பிச்சை எடுக்கிறவர், சுடுகாட்டில் வாசம், சம்பளச் சீட்டு கிடையாது. நல்லவேளை, இந்தப் பேட்டையில் நிறைய நிலம் அவர் பேரிலேயே இருக்கிறது.

இது அக்கிரகாரத்து வியாதி என்று மற்றப் பேட்டைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே வேறு சாதி வீட்டுக்காரர் இதே கேள்வியை வேறு பேச்சில் கேட்கிறார், அவ்வளவுதான். சட்டமும் இவர்களுக்குத் தோதாகவே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம் என்று பட்டியல் போட்டுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அட்வான்ஸ் விஷயமும் அப்படியே. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது பொருந்தாது என்றும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. வீடில்லாமல் அலைகிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளமாட்டான்? பத்து மாத அட்வான்ஸ் அந்த வாசல் வழியாக ராஜநடை போட்டு வருகிறது.

சரி, பாட்டிக்கு வருவோம். அவளும், வீடு பெருக்குகிற அவள் மகளும், ஆட்டோ ஓட்டுகிற மருமகனும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருந்தார்கள். கால்வாயில் குடியிருப்பது ஆக்கிரமிப்பு என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கால்வாய்க்கு உள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டது என்ன? 1997-இல் திருமயிலைக்கு அந்த ரயில் வந்தபோது அதற்குப் பேர் வளர்ச்சி. கரையில் ஓலைக்கூரை போட்டவன் நீரோட்டத்தைத் தடுக்கிறான்; நடுவில் கான்கிரீட் தூண் போட்டவர்களைக் கண்டால் தண்ணீரே மரியாதையாக ஒதுங்கிப் போகிறது.

வெள்ளம் வந்தால் ஆபத்து, உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லி நகரத்து நீர்க்கரைகளில் இருந்தவர்களை அனுப்பிய இடங்களின் பேர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எங்கே இருக்கின்றன? மழை வந்தால் தண்ணீர் தேங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். இந்த நன்மையைச் செய்வதற்குப் பள்ளிக்கூட நாளென்றும் பார்ப்பதில்லை, பரீட்சையென்றும் பார்ப்பதில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிக்க வந்தார்கள். மயிலாப்பூருக்கு அடுத்த தெருக்கள் அவை. அங்கே ஒரு பெரியவர் எல்லோர் கண்ணெதிரிலும் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். இறந்தே போனார். அதற்குப் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு கொடுக்கப்படும் என்று சட்டசபையில் முதல்வர் அறிவித்தார். கொடுக்க முடியும் என்பது ஒரு மனிதன் எரிகிறவரை எந்தக் கோப்பிலும் யார் கண்ணிலும் படவில்லை. மூன்று கோடி பால்கனிக்கு இந்தப் பேட்டையில் இடம் தேட ஒரு தீக்குச்சிகூடத் தேவைப்பட்டதில்லை.

இனி மெட்ரோ வேறு. இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கப் போகின்றன. லஸ் முனையே குழியாகிக் கிடக்கிறது. நடைபாதைக் கடைக்காரனுக்கு அது தூசியும் நஷ்டமும். தரகருக்கு, சதுர அடிக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்ல ஒரு காரணம்.

பாட்டியின் மகள் இப்போது பெரும்பாக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, இரண்டு பஸ் மாறி வருகிறாள். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆகவே நெரிசலில் நிற்பது இலவசம். ஆறரைக்கு வர வேண்டியவள் ஏழேகாலுக்கு வந்து நின்றால், அடுக்ககச் சங்கம் கூடித் தீர்மானம் போடும். தாமதமாக வந்தால் அரைநாள் சம்பளம் பிடிக்கப்படும். வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்ட்டைத் தொடக் கூடாது, உருளிக்குப் பக்கத்தில் இருக்கும் சோபாவில் உட்காரக் கூடாது. செயலியில் போட்டோ பதிவு செய்யாதவர்களைக் காவலாளி உள்ளே விடக் கூடாது. அறுபத்துமூவர் அன்று வாசலில் பந்தல் போட்டு, வருகிற பக்தர்களுக்கெல்லாம் சங்கத்தின் சார்பில் நீர்மோர் வழங்கப்படும். மோர் கரைக்கவும் டம்ளர் கழுவவும் ஆள் வேண்டியிருப்பதால் அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது.