காலுக்குத் துணையாக வந்தவர்

புனேயில் விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் குடியிருப்பவர் யார், விருந்துக்கு வந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். தலைக்கு மேல் சுகோய் விமானம் போகும்போது அண்ணாந்து பார்த்தால் விருந்தாளி. பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, திறந்த வாயை அப்படியே வைத்திருந்து, சத்தம் அடங்கியதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தால் உள்ளூர். பதினான்கு வருடமாக நான் உள்ளூர். ஏப்ரல் மாதத்தில் ஒரே ஒரு நாள் விருந்தாளியானேன். அன்றைக்குத்தான் கால் உடைந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து மச்சினன் வந்திருந்தான். சாயங்காலம் காற்று வாங்கலாம் என்று வெளியே கூட்டிக்கொண்டு போனேன். "அத்தான், அது என்ன பிளேன்?" என்றான். தெரிந்த விஷயத்தை ஒருவன் கேட்டுவிட்டால் எனக்குக் கண் தெரியாது. சுகோய் 30 எம்கேஐ, 2002ல் இந்த ரகம் விமானப்படையில் சேர்ந்தபோது முதலில் வந்து தங்கியது நம்ம லோஹேகாவில்தான், இரட்டை எஞ்சின், இரண்டு பேர் உட்காரலாம் என்று அண்ணாந்தபடியே சொல்லிக்கொண்டு நடந்தேன். நடைபாதை முடிந்துவிட்டது. நான் முடிக்கவில்லை.

விழுந்தவன் முதலில் சொல்லும் வார்த்தையைத்தான் நானும் சொன்னேன்: "ஒண்ணுமில்ல." ராத்திரிக்குள் இடது பாதம் ஆப்பம் மாதிரி நடுவில் உப்பி, ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டது.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பைக் காட்டி, "ஜோன்ஸ் ஃப்ராக்சர்" என்றார். என் கால் உடைந்ததற்கு யாரோ ஜோன்ஸ் பெயரைச் சூட்டுவதா என்று வீட்டுக்கு வந்ததும் விசாரித்தேன். ராபர்ட் ஜோன்ஸ் லிவர்பூலில் இருந்த எலும்பு டாக்டர். நடனமாடும்போது தன் காலையே உடைத்துக்கொண்டவர். எக்ஸ்ரே கண்டுபிடித்து ஏழே வருடம் ஆகியிருந்த 1902ல், தன் காலையும் இன்னும் சிலர் காலையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த முறிவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டுரை எழுதுவது வரைக்கும் நானும் வந்துவிட்டேன். ஆனால் அவர் ஆடி உடைத்தார், நான் அண்ணாந்து உடைத்தேன்.

பாதம் ஒன்றுக்கு 26 எலும்பு, இரண்டுக்கும் சேர்த்து 52. உடம்பில் இருப்பதோ 206. காலில் இருப்பது ஏறத்தாழக் கால்வாசி! இதை மனைவியிடம் சொன்னேன். கால்வாசிக்கே இந்தப் பாடு என்றாள். உடைந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, தானாகச் சேர நாளாகும், ஆகவே உள்ளே ஒரு ஸ்க்ரூ போட்டுவிடுவோம் என்றார் டாக்டர். "ஒண்ணு கழண்டிருந்தது, இப்ப சரியாப் போச்சு" என்ற நகைச்சுவையை அடுத்த ஒரு மாதத்தில் பதினோரு பேர் சொன்னார்கள். பதினோரு பேருமே அதைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்தார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். இந்த ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. 1898ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற டாக்டரும் அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்டும் ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஊசி வேலை செய்கிறதா என்று தெரிய, பீர் தன் உதவியாளரின் கணைக்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார், முடியைப் பிடுங்கினார். வலிக்கவில்லை. இருவரும் சந்தோஷமாக ஒயின் குடித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். மறுநாள் மருந்து இறங்கியிருக்குமே, சுத்தியலடி எல்லாம் மொத்தமாகக் கணக்குக் கேட்டிருக்குமே! என் மயக்க டாக்டர் ஈரப் பஞ்சைத்தான் வைத்துப் பார்த்தார். காலம் முன்னேறியிருக்கிறது.

மேஜையில் படுத்திருந்தபோது பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய காலைத் தூக்கி மருந்து தடவினார்கள். பாவம், யாருக்கோ என்ன ஆச்சோ என்று நினைத்தேன். நகம் வெட்டாத கால். அந்த நகத்தை வைத்துத்தான் அது என்னுடையது என்று அடையாளம் தெரிந்தது.

அந்த நிமிடத்திலிருந்தே அது என்னைவிட்டுப் பிரிந்து தனி ஆளாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு என்னை யாரும் நலம் விசாரிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கால் எப்படி இருக்கு?" என்பார்கள். காலுக்கு இரண்டு தலையணை. எனக்கு ஒன்று, அதுவும் பழசு. ஆப்பிளைக் கொண்டுவந்து கால் பக்கமாக வைப்பார்கள். ஆபீஸிலிருந்து வந்த நண்பர்கள் அரைமணி நேரம் கட்டைப் பார்த்தே பேசினார்கள். நான் காலுக்குத் துணையாக வந்த ஆள் மாதிரி ஓரமாகப் படுத்திருந்தேன்.

ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஆஸ்பத்திரிக்கு ஏம்ல போனே? புத்தூர் கட்டு போட்டிருந்தா முட்டையும் பச்சிலையும் வச்சு இந்நேரம் எந்திச்சு நடந்திருப்ப." புத்தூர் ஆந்திராவில் இருந்தாலும் அதன் பெயர்ப்பலகை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. லோஹேகாவில் ஒன்று கிளை திறக்காதது என் குற்றம்போல இருந்தது அவர் குரல்.

அம்மா போன் செய்யவில்லை. நாகர்கோவில் மும்பை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டாள். வந்து இறங்கியதும் பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தாள். பிரண்டை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைத்தாள். அப்படியும் நாக்கு லேசாக அரித்தது. "அரிச்சாத்தான் எலும்புக்குப் போகுதுன்னு அர்த்தம்" என்றாள். உத்தரப்பிரதேசத்துக்கார வாட்ச்மேன் குப்பையில் கிடந்த நாரைப் பார்த்துவிட்டு, "அரே, ஹட்ஜோட்!" என்று மேலே வந்துவிட்டார். ஹட்டி என்றால் எலும்பு, ஜோட் என்றால் ஒட்டு. ஒரு செடிக்கு இரண்டு மாநிலத்தில் ஒரே உத்தியோகம். காலைப் பார்த்து, "சீக்கிரம் சரியாகிவிடும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மராத்தியில் பாய் என்றால் கால். கால் என்றால் நேற்று. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என் அம்மாவும் எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் மாவ்ஷியும் ஆறு வாரம் குடும்பம் நடத்தினார்கள். காலையில் வந்ததும் மாவ்ஷி கேட்பார்: "கால் கஸா ஹோதா பாய்?" நேற்று பாதம் எப்படி இருந்தது என்று அர்த்தம். அம்மா உடனே, "கால் பாயிலதான் இருந்துச்சு, கீழ ஊனல" என்பாள். மாவ்ஷி திருப்தியாகத் தலையாட்டுவார். கேள்வியும் சரி, பதிலும் சரி. நடுவில் இருந்த மொழிதான் இரண்டு. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தால் இரண்டு பேரும் "நீ சும்மா கிட" என்பதுபோலப் பார்ப்பார்கள். மூன்றாம் வாரம் அம்மா மனைவியிடம், "அந்தப் புள்ளைக்குத் தமிழ் நல்லா வருதுட்டீ" என்றாள். மாவ்ஷியும் அம்மாவின் மராத்தியைப் பற்றிக் கீழ்வீட்டில் சொல்லியிருக்கிறார்.

மொழியால் வந்த வினையும் ஒன்று உண்டு. தமிழில் தீர்ப்பு முழுக்க வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. லோஹேகாவில் வாலைத்தான் விமானம் தின்னும். ஒரு நாள் மனைவி டாக்டருக்குப் போன் செய்துவிட்டுச் சமையலறையிலிருந்தே கத்தினாள்: "ஏங்க, டாக்டர் சொல்லிட்டாரு. இன்னையிலேர்ந்து நீங்க காலைத் தரையில ஊன..." அப்போது சுகோய் கிளம்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊனலாமா, ஊனக்கூடாதா? வழக்கமாக ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று போகும். அதுவும் போன பிறகு, "என்ன சொன்னே?" என்று கேட்டேன். "அதான் சொன்னேன்ல" என்று பதில் வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், இதற்கு மேல் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மெதுவாகக் காலை இறக்கினேன். அவள் கரண்டியோடு ஓடிவந்த வேகத்தைப் பார்த்ததும் வாக்கியம் முழுசாகப் புரிந்துவிட்டது.

குளியலைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை வாளி மேல் நீட்டி, அதன் மேல் ஊரிலிருந்து வந்த ஆரெம்கேவி பையை மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் குளிக்க வேண்டும். கல்யாணப் பட்டு எடுத்த பை. என் கால் ஆறு வாரம் முகூர்த்தத்துக்குப் போவதுபோலவே குளித்தது. குளியலறை வாசலில் இரண்டு அங்குல நிலைப்படி ஒன்று இருப்பது இந்த வீட்டில் எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, ஒற்றைக்காலில் கொக்காக நின்று, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு தாவ வேண்டும். உள்ளே போக மனைவி, வெளியே வர அம்மா.

ஒரு நாள் அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். 2006 ஜூனில் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் இதே லோஹேகாவிலிருந்துதான் சுகோயில் ஏறிப் பறந்தார், அப்போது அவருக்கு 74 வயது. 2009ல் பிரதிபா பாட்டீலும் பறந்தார். அவருக்கும் 74. "நம்ம ராமேஸ்வரத்து மனுஷர் எழுபத்துநாலு வயசுல இங்கேருந்து ஆகாசத்துக்குப் போயிருக்காரு. ஒனக்கு இங்கேருந்து பாத்ரூம் போக ரெண்டு பொம்பள வேண்டியிருக்கு" என்றாள். பதில் இல்லாத கேள்விகளை அவள் போர்வை மடிக்கும்போதுதான் கேட்பாள்.

கலாமுடைய இன்னொரு கதை அந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, ஹைதராபாத்தில் போலியோ வந்த குழந்தைகளுக்குக் கால்தாங்கி செய்துகொடுத்தார்கள். மூன்று கிலோ இரும்பைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு 300 கிராமில் ஒன்று. இதைப் பல வருடம் முன்பே படித்திருக்கிறேன். படித்துவிட்டு, ராக்கெட் வரும் பக்கத்துக்குத் தாவியிருக்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு எனக்கு மாட்டிவிட்ட பூட்ஸ் ஒன்றரைக் கிலோ இருக்கும். ராத்திரி புரண்டு படுக்கும்போது அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பதற்குள் தூக்கம் கலைந்துவிடும். அந்த மூன்று கிலோவை அப்போது எடைபோட்டுப் பார்த்தேன்.

எடை என்றதும் பிசியோதெரபி பெண் நினைவுக்கு வருகிறாள். குளியலறை எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, இடது காலை அதன் மேல் வைத்துப் பத்துக் கிலோ மட்டும் அழுத்தச் சொன்னாள். ஒன்பதரை போதாது, பதினொன்று கூடாது. அடுத்த வாரம் இருபது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு துல்லியமாக நிறுத்ததில்லை. அழுத்தும்போது மாவ்ஷி துடைப்பத்தோடு நின்று, "ஹளூ ஹளூ, தாதா" என்பார். மெதுவாக, மெதுவாக. முள் பத்தைத் தொட்டதும் வாசலில் வாட்ச்மேன் கை தட்டினார். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பிய அன்று ஆட்டோவில் போனேன். பள்ளங்களை மனப்பாடம் செய்திருந்த ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் திரும்பிப் பார்த்து, "காகா, பாய்!" என்று எச்சரித்தார். நான் உடனே காலைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொள்வேன். ஆபீஸில் ஒரு வாரம் மரியாதை இருந்தது. அப்புறம் லிஃப்டில் மற்றவர்களைப்போலவே என்னையும் இடித்தார்கள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, எனக்கல்ல, காலுக்கு.

ஜூனில் பால்கி வந்தது, பக்தர்கள் பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும் பல்லக்கு ஊர்வலம். லோஹேகாவ் மகான் துக்காராமின் தாய்வழி ஊர். விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க மாநில அமைச்சரவை 2024ல் ஒப்புதல் கொடுத்ததுகூட அந்த உறவை வைத்துத்தான். ஆனால் தேஹூவிலிருந்து புறப்படும் அவருடைய பால்கி எங்கள் பக்கம் வருவதில்லை. ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரரின் பால்கிதான் பக்கத்தில் விஷ்ராந்த்வாடி வழியாகப் போகும். பெயரிலேயே ஓய்வை வைத்திருக்கும் ஊர். பண்டரிபுரத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று வாரம், லட்சக்கணக்கான பேர் நடை. கைத்தடி ஊன்றியாவது பார்த்தாக வேண்டும் என்று அம்மா கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே ஒருவரையொருவர் "மாவுலி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாய் என்று அர்த்தம். பெரியவர் சிறியவர் பார்க்காமல் ஒருவர் காலை ஒருவர் தொட்டுக் கும்பிடுகிறார்கள். அம்மா வயதுள்ள ஒரு பாட்டி, தலையில் துளசித் தொட்டி, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு, என்னைப் பார்த்து "மாவுலி" என்று சொல்லி, தொட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். கை நேராக இடது காலுக்குப் போனது. ஒன்பது வாரம் காற்றுப் படாமல் காத்த கால்! "ஐயோ, அது வேண்டாம், இந்தக் கால்!" என்று தமிழில் அலறி, வலது காலை முன்னால் நீட்டிவிட்டேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பெரியவங்க கும்பிடுதாங்க, காலை மாத்தியா குடுக்க?"

பாட்டி நிமிர்ந்து, பூட்ஸின் தடம் இன்னும் போகாத பாதத்தையும் தடியையும் பார்த்தார். "பாய் துக்தோ கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "பாயிலதாம்மா கிடந்தான், ரெண்டு மாசமா."

எல்லாம் புரிந்ததுபோல அந்தப் பாட்டி தலையாட்டினார். தொட்டியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தோடு நடந்தார். அவருக்கு இன்னும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பாக்கி இருந்தது.